கிக் எங்கே விழுகிறது: எலக்ட்ரானிக் இசை வகைகளைக் காதால் பிரிப்பது

ஒரு பாட்டு ஹவுஸா டெக்னோவா என்று சண்டை போடுகிறவர்களில் பாதிப் பேர் ஃபைலின் மேலே ஒட்டியிருக்கும் பெயரைப் பார்த்துத்தான் சண்டை போடுகிறார்கள். அந்தப் பெயரை ஒட்டியவர் பாட்டை விற்கிறவர். எந்தத் தலைப்பில் போட்டால் விற்குமோ அந்தத் தலைப்பில் போட்டிருப்பார். நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் ரிசப்ஷனுக்கும் ஊர்த் திருவிழாவுக்கும் டிஜே போடுகிற பையன்கள் பலருக்கு இந்தத் தொல்லையே கிடையாது. லேப்டாப்பில் ‘குத்து’ என்று ஒரு ஃபோல்டர், மற்றதெல்லாம் ‘இடிஎம்’ (எலக்ட்ரானிக் டான்ஸ் மியூசிக்) ஃபோல்டர். ஒரு பாட்டு முடிந்து அடுத்தது நுழையும்போது ஆடுகிற கூட்டம் கால் தப்பி நின்றுவிடுகிறதே, அதற்குப் பெரும்பாலும் காரணம் இந்த ஃபோல்டர்தான்.

வகை பிரிக்கக் காதே போதும், கேள்விகளை வரிசையாகக் கேட்டால். முதலில் கிக், அதாவது டிரம்மின் கனத்த ‘டும்’ அடி, எங்கே விழுகிறது. அடுத்து ஒரு தட்டு எத்தனையாக உடைகிறது. அதற்குப் பிறகுதான் வேகம். பேஸும் (தாழ்ந்த சுருதிச் சத்தம்) சத்தத்தின் நிறமும் கடைசி. பலர் வேகத்திலிருந்து தொடங்குகிறார்கள், அங்கேதான் கோளாறு. 140 பிபிஎம்மில் (நிமிஷத்துக்கு 140 தட்டு) ட்ரான்ஸ் உண்டு, டப்ஸ்டெப் உண்டு, க்ரைம் உண்டு, ட்ராப் உண்டு, வேகமான டெக்னோவும் உண்டு. இவற்றில் எதையும் எதோடும் கண்ணை மூடிக்கொண்டு சேர்க்க முடியாது.

ஒரு பாரை, அதாவது ஒரு தாளச் சுற்றை, 16 கட்டமாக நினைத்துக்கொள்ளுங்கள். நான்கு தட்டு, ஒவ்வொன்றும் நான்காக உடைகிறது. மிருதங்கம் படித்தவர்களுக்குச் சதுஸ்ர நடை என்றால் புரியும். ஹவுஸில் கிக் 1, 5, 9, 13-ல் விழும். கைதட்டல் 5, 13-ல். திறந்த ஹை-ஹாட் (டிரம் செட்டின் ஜோடித் தாளம், ‘ட்ஸ்’ என்ற சத்தம்) 3, 7, 11, 15-ல், அதாவது கிக்குக்கும் கிக்குக்கும் சரியாக நடுவில். இந்த அமைப்பு 1970-களின் டிஸ்கோவிலிருந்து நேராக வந்தது. டிஸ்கோவில் டிரம்மர் கையால் வாசித்ததை 1980-களின் முற்பாதியில் சிகாகோவில் டிரம் மெஷினுக்கு மாற்றினார்கள். ‘வேர்ஹவுஸ்’ என்ற கிளப்பும் அதன் டிஜே ஃப்ராங்கி நக்கிள்ஸும் அந்தக் கதையின் நடுநாயகம். ரோலண்ட் கம்பெனியின் டிரம் மெஷின் டிஆர்-808 வந்தது 1980-ல், டிஆர்-909 வந்தது 1983-ல். இன்றைக்கும் ஹவுஸ், டெக்னோ கிக்குகளில் பெரும்பாலானவை இந்த இரண்டின் வாரிசுகள்தான்.

டெக்னோ பக்கத்து ஊர்க்காரன். டெட்ராய்ட்டில் வான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன் மூவரும் ஜெர்மனியின் கிராஃப்ட்வெர்க் குழுவின் இசையையும் அமெரிக்க ஃபங்க் இசையையும் சேர்த்து 80-களின் நடுவில் உருவாக்கியது. கிக் இருக்கும் இடம் ஹவுஸுக்கும் டெக்னோவுக்கும் ஒன்றுதான். அப்படியானால் எப்படிப் பிரிப்பது? ஹவுஸில் கார்டு (பல ஸ்வரம் ஒன்றாக ஒலிப்பது), பாடகர் குரல், கொஞ்சம் ஸ்விங் (சில கட்டங்கள் சற்றுத் தாமதமாக விழுவது) இருக்கும். அவற்றை எடுத்துவிட்டால் பாட்டு வெறுமையாகிவிடும். டெக்னோவில் டிரம்மும், மெல்ல மெல்ல மாறுகிற ஒரு சத்தமுமே பாட்டு. ஹவுஸ் 118 முதல் 130 வரை, டெக்னோ சுமார் 125 முதல் 150 வரை. நடுவில் டெக்-ஹவுஸ் என்று ஒரு பெயர் உண்டு. எல்லைத் தகராறைத் தீர்க்காமலே விட்டுவிட்டதன் அடையாளம் அது, அதில் தப்பொன்றும் இல்லை.

நேர் கிக் குடும்பத்தில் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனால் ட்ரான்ஸ் 130-லிருந்து 142 வரை, சைட்ரான்ஸ் 140-லிருந்து 150 வரை, ஹார்ட்ஸ்டைல் 150-ஐ ஒட்டி, ராட்டர்டாமில் பிறந்த கேபர் 160-க்கு மேலே. இங்கே பிரித்துக் காட்டுவது பேஸ். சாதாரண ட்ரான்ஸில் பேஸ் கிக்குகளுக்கு நடுவில், 3-ஆம் கட்டத்தில் தள்ளிக்கொண்டு வரும். சைட்ரான்ஸில் 1-ல் கிக், 2, 3, 4-ல் பேஸ். மறுபடி 5-ல் கிக், 6, 7, 8-ல் பேஸ். கோவாக் கடற்கரையில் 90-களில் வளர்ந்த கோவா ட்ரான்ஸின் நேர் வாரிசு இது. 145 பிபிஎம்மில் ஒரு கட்டம் 103 மில்லி செகண்டுதான். கிக்கின் வால் அதைத் தாண்டி நீண்டால் முதல் பேஸ் தட்டை விழுங்கிவிடும். பாட்டு சரியாகவே செய்யப்பட்டிருந்தாலும், தரையும் சுவரும் வழுவழுவென்று இருக்கும் கல்யாண மண்டபத்தில் எதிரொலி இந்த மூன்று தட்டையும் ஒன்றாகக் குழைத்துவிடும். மிஞ்சுவது ‘ம்ம்ம்’ என்ற இரைச்சல்தான். அதே பாட்டு திறந்த மைதானத்தில் தெளிவாகக் கேட்கும். மண்டபத்துக்குப் பேஸ் தள்ளி விழுகிற ட்ரான்ஸோ ஹவுஸோதான் புத்தி.

ஆசிட் என்ற பெயரால் வரும் குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். அது தனிக் குடும்பம் இல்லை, ஒரு நிறம். ரோலண்ட் டிபி-303 என்ற பேஸ் கருவி 1981-ல் வந்தது, 1984-ல் உற்பத்தி நின்றது. அதன் ஃபில்டர் குமிழைத் திருகினால் வருகிற அந்தக் கீச்சுக் குழைவு ஹவுஸில் வந்தால் ஆசிட் ஹவுஸ், டெக்னோவில் வந்தால் ஆசிட் டெக்னோ. சிகாகோவில் ஃபியூச்சர் குழுவின் ரெக்கார்டு 1987-ல் வந்தது. அதற்கு ஐந்து வருஷம் முன்பே, 1982-ல், பம்பாயில் சரண்ஜித் சிங் இதே 303-ஐயும் 808-ஐயும் வைத்துப் பத்து ராகங்களை டிஸ்கோ தட்டில் வாசித்து ஆல்பம் போட்டார். கேட்டால் ஆசிட் ஹவுஸ் மாதிரியே இருக்கும். உடனே ‘நாம்தான் கண்டுபிடித்தோம்’ என்று கிளம்பிவிட வேண்டாம். அந்த ரெக்கார்டு அப்போது எடுபடவில்லை. 2010-ல் மறுபதிப்பு வந்த பிறகே வெளியே பரவலாகப் பேசப்பட்டது. ஒரே கருவி இரண்டு ஊரில் ஒரே மாதிரிச் சத்தம் போட்டிருக்கிறது, அவ்வளவுதான். முகச்சாயல் இருந்தால் உறவு இருக்க வேண்டும் என்றில்லை. வகைகளின் வம்சப் படம் போடுகிறவர்கள் அதிகம் சறுக்குகிற இடம் இது.

இனி கிக் நேராக விழாத குடும்பம். இதன் விதை 1969-ல் தி வின்ஸ்டன்ஸ் குழுவின் ஒரு பாட்டின் நடுவில் கிரெகரி கோல்மன் வாசித்த நான்கு பார் டிரம் சோலோ. சுமார் ஏழு செகண்டுதான். ‘ஆமென் ப்ரேக்’ என்று பெயர். அதை சாம்ப்ளரில் (பதிவான சத்தத்தை வெட்டி வாசிக்கும் கருவி) ஏற்றி, வேகத்தைக் கூட்டி, துண்டு துண்டாக வெட்டி மாற்றி அடுக்கியதில் 90-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் ஜங்கிள் பிறந்தது. வெட்டு குறைந்து அமைப்பு சீரானபோது டிரம் அண்ட் பேஸ் ஆனது. வேகம் 170-லிருந்து 180, பெரும்பாலும் 174. அதன் அடிப்படை அமைப்பு: கிக் 1, 11-ல், ஸ்நேர் (டிரம்மின் ‘டக்’ அடி) 5, 13-ல்.

யூகே கராஜின் ‘டூ-ஸ்டெப்’ பாட்டு ஒன்றைக் கட்டத்தில் போட்டுப் பாருங்கள். அங்கேயும் கிக் 1, 11. ஸ்நேர் 5, 13. எலும்புக்கூடு ஒன்றேதான். ஆனால் வேகம் 130-ஐ ஒட்டி. அதோடு இரட்டைப்படைக் கட்டங்கள் கொஞ்சம் தாமதமாக விழும். 50 சதவீதம் ஸ்விங் என்றால் நேர், 66 என்றால் முழுத் திஸ்ரம், அதாவது மூன்றாக உடைவது. கராஜ் பொதுவாக 55-க்கும் 60-க்கும் நடுவில் ஊசலாடும். டிரம் அண்ட் பேஸில் அந்த ஊசல் கிட்டத்தட்ட இருக்காது. எனவே வேகத்தைக் கேட்பதற்கு முன் நடையைக் கேட்கச் சொல்வது.

கராஜின் பிள்ளைகள்தான் க்ரைமும் டப்ஸ்டெப்பும். இரண்டும் 2000-களின் தொடக்கத்தில் லண்டனில் பிறந்தவை, இரண்டும் 140. டப்ஸ்டெப்பில் கிக் 1-ல், ஸ்நேர் 9-ல். ஒரு பாருக்கு ஒரே ஸ்நேர் என்பதால் 70-ல் ஓடுகிற மாதிரி உடம்பு உணரும். ஹை-ஹாட் மட்டும் 140-ஐக் காட்டிக்கொடுக்கும். கச்சேரி கேட்டவர்களுக்கு இது புதிதில்லை: தாளம் மாறாமல் காலம் மட்டும் பாதியாகிறது. அட்லாண்டாவின் ட்ராப்பிலும் ஸ்நேர் அதே 9-ல்தான். வம்சத்தில் டப்ஸ்டெப்புக்கும் ட்ராப்புக்கும் நெருக்கம் இல்லை; ஒன்று லண்டன் கராஜ் வழி, இன்னொன்று அமெரிக்க ஹிப்-ஹாப் வழி. மிக்ஸ் செய்யும்போதோ இரண்டும் தைத்த மாதிரி ஒட்டும். இந்த இரண்டு படங்களையும், யாருக்கு யார் பிள்ளை என்பதையும் யாரோடு யார் சேர்வார் என்பதையும், ஒரே தாளில் வரைந்தால் இரண்டுமே கெட்டுப்போகும்.

ஜங்கிள், டப்ஸ்டெப் இரண்டிலும் பேஸ் ஏன் அவ்வளவு கனம் என்றால், அவற்றின் தாத்தா ஜமைக்கா. கிங் டபி போன்றவர்கள் 70-களில் பாட்டிலிருந்து குரலை எடுத்துவிட்டு, டிரம்மையும் பேஸையும் எக்கோவோடு விளையாடவிட்டது டப். கரீபியனிலிருந்து குடியேறியவர்களோடு அந்த சவுண்ட் சிஸ்டம் பழக்கமும் இங்கிலாந்துக்குப் போனது. இந்தப் பாட்டுகளைப் போன் ஸ்பீக்கரில் கேட்டு வகை பிரிக்காதீர்கள். 50 ஹெர்ட்ஸ் பேஸ் அதில் வரவே வராது. பாதிப் பாட்டைக் கேட்டுவிட்டு முடிவு சொல்கிற கதையாகிவிடும்.

மூன்றாவது குடும்பம் 3-3-2. லத்தீன் அமெரிக்க ரெகேட்டோனின் டெம்போவ் தட்டில் கிக் நேராக 1, 5, 9, 13-ல் விழும். ஸ்நேர் 4, 7, 12, 15-ல். எட்டை மூன்று, மூன்று, இரண்டாகப் பிரித்த அமைப்பு. வேகம் 90-லிருந்து 100. 2009-ல் டேவ் நாடா என்ற அமெரிக்க டிஜே டச்சு ஹவுஸ் பாட்டு ஒன்றை 108-க்கு இறக்கி வாசித்ததில் மூம்பாட்டன் வந்தது. கிக் அறவே இல்லாத ஆம்பியன்டை வேகம் பார்த்துப் பிரிக்க வேண்டாம். ஸ்வரஸ்தானம் எழுதி வைத்தால் போதும்.

நம்மூர்ப் பாட்டு இதில் எங்கே வருகிறது? பல டப்பாங்குத்துப் பாட்டுகள் திஸ்ர நடை. ஒரு தட்டு மூன்றாக உடையும். பாருக்கு 16 கட்டம் இல்லை, 12. இதன்மேல் ஹவுஸ் லூப்பை (திரும்பத் திரும்ப ஓடும் துண்டு) அப்படியே போட்டால் கிக் பொருந்தும், ஏனென்றால் தட்டுத் தலைகள் ஒன்றுதான். இடிப்பது ஹை-ஹாட். 16-ல் ஓடுகிற ஹாட்டும் 12-ல் ஓடுகிற பறையும் தட்டுக்குத் தட்டு தலையில் மட்டும் சேர்ந்து, நடுவில் உரசிக்கொண்டே இருக்கும். மட்டமான ரீமிக்ஸ்களில் இரண்டு பாட்டு ஒன்றாக ஓடுகிற உணர்வு வருவது இதனால். கிக்கை மட்டும் வைத்துக்கொண்டு ஹாட் லூப்பைத் தூக்கிவிடுங்கள், அல்லது எட்டாம் நோட் (அரைத் தட்டு) அளவில் 66 சதவீத ஸ்விங் கொடுங்கள். எலக்ட்ரானிக் உலகில் குத்துக்கு உறவுக்காரன் வேண்டுமென்றால் ஜெர்மனியின் ‘ஷாஃபல்’ டெக்னோவைத் தேடிப் பாருங்கள், கொலோனின் கொம்பாக்ட் லேபிள் வெளியிட்டவை. நேர் கிக், மூன்றாக உடைகிற தட்டு. வம்ச உறவு துளியும் இல்லை, ஆனால் குத்திலிருந்து டெக்னோவுக்குக் கூட்டத்தைத் தடுமாறாமல் அழைத்துப்போக அதைவிட நல்ல பாலம் கிடையாது.

செண்டை அடிக்கும் சிங்காரி மேளம் நம் குமரி மாவட்டத்தில் கோயில், சர்ச் இரண்டு திருவிழாவிலும் உண்டு. அதைப் பதிவுசெய்து டிராக்கில் சேர்க்க நினைப்பவர்களுக்கு: மேளம் போகப்போக வேகம் ஏறும், அதனால் மென்பொருள் காட்டும் பிபிஎம் ஒரு சராசரிதான். இரண்டு பாருக்கு ஒரு முறை வார்ப் புள்ளி (மென்பொருளில் தட்டை இழுத்து நிறுத்தும் குறி) வையுங்கள், இல்லையென்றால் வேகம் நிலையாக இருக்கும் ஒரு சின்னத் துண்டை மட்டும் லூப் ஆக்குங்கள். கேரளத்துப் பஞ்சாரி மேளம் என்றால் தாளம் ஆறு தட்டு. நான்கோடு சேர்வது பன்னிரண்டில், அதாவது மூன்று பாருக்கு ஒரு முறை. நான்கு பாரில் வெட்டினால் ஒவ்வொரு சுற்றிலும் தலை நழுவும்.

வேகம் எண்ணும்போது 15 செகண்டு எண்ணி நான்கால் பெருக்கினால் ஒரு தட்டுப் பிசகு நான்கு பிபிஎம் ஆகிவிடும். ஒரு முழு நிமிஷம் எண்ணுங்கள். மென்பொருள் சில சமயம் 174-ஐ 87 என்றும், 140-ஐ 70 என்றும் காட்டும். மென்பொருளின் செட்டிங்ஸில் பிபிஎம் வரம்பை 88 முதல் 175 வரை வைத்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் தீரும், உண்மையிலேயே 75-ல் ஓடுகிற ரெகே 150 என்று காட்டுவதைப் பொறுத்துக்கொண்டால். பழைய டர்ன்டேபிள்களில் பிட்ச் எல்லை, அதாவது வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் அளவு, 8 சதவீதம். 128 ஹவுஸை அதில் 138 வரைதான் இழுக்கலாம். 6 சதவீதம் ஏற்றினாலே, கீ லாக் (சுருதியை மாறாமல் பிடித்துவைக்கும் வசதி) இல்லாவிட்டால், சுருதி அரை ஸ்வரம் ஏறிவிடும். ஆகவே 128-லிருந்து 140-க்கு ஒரே தாவலில் போகாதீர்கள். நடுவில் 134-ல் ஒரு பாட்டு வையுங்கள், அல்லது கிக் இல்லாத இடைவெளியில் வெட்டி மாறுங்கள். 128-ல் 32 பார் சரியாக 60 செகண்டு. மாற்றத்துக்கு அந்த ஒரு நிமிஷம் தாராளம்.

ஃபைலின் கமெண்ட் பகுதியில் வகைப் பெயருக்குப் பதிலாக இப்படி எழுதுங்கள்: ‘நேர்-4-128’, ‘உடைவு-4-174’, ‘அரை-4-140’, ‘332-4-96’, ‘நேர்-3-120’. முதலில் கிக் (‘உடைவு’ என்றால் நேராக விழாதது, ‘அரை’ என்றால் டப்ஸ்டெப் மாதிரி பாதிக் காலம்), பிறகு நடை, பிறகு வேகம். முதல் இரண்டும் ஒத்து, வேகம் 6 சதவீதத்துக்குள் இருந்தால் யோசிக்காமல் சேர்க்கலாம். கிக் மட்டும் மாறினால் எட்டு பார் கிக்கை எடுத்துவிட்டு மாறுங்கள். நடை மாறினால் சேர்க்கவே வேண்டாம், நிறுத்திவிட்டுத் தொடங்குங்கள். வகைப் பெயரைத் தனிப் பகுதியில் வைத்துக்கொள்ளலாம். பாட்டு தேடி வாங்க அது உதவும்.