துடுப்பில் காதை வைத்து

இஞ்சின் வேலையை நான் காதால் கற்றவன். கல்லடியில், நாங்கள் ஆறு என்றே சொல்லும் மட்டக்களப்பு வாவியின் கரையில் என் பட்டறை இருக்கிறது. முப்பது வருடமாக, படகின் பின்னால் பூட்டும் அவுட்போட் இஞ்சின்கள்தான் எனக்குச் சோறு போடுகின்றன. படகு கரைக்கு இன்னும் நூறு பாகம் தள்ளி வரும்போதே, பிளக் எரியவில்லையா, காபரேட்டரில் அழுக்கா என்று சொல்லிவிடுவேன். சந்தேகம் வந்தால் நீளமான ஸ்குரு டிரைவரின் முனையை இஞ்சினில் ஊன்றி, பிடியைக் காதோர எலும்பில் அழுத்துவேன். எந்த பெயாரிங் தேய்ந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். எனக்குத் தொழில் பழக்கியவர் அதிகம் பேசமாட்டார். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்கும் முகத்தைப் பார்த்தே நான் படித்தேன்.

ஆகவே, சத்தமும் புகையும் இல்லாத ஒன்றைச் செய்ய வேண்டும் என்று பொத்துவில் பையன் வந்து நின்றபோது நான் உடனே சம்மதிக்கவில்லை.

அவனுக்கு அறுகம்பையில் அலைச்சறுக்குப் பழக்கும் வேலை. அங்கே அலை ஏப்ரல் கடைசியில் சூடுபிடித்து ஒக்டோபரோடு அடங்கிவிடும். வாடை மழை தொடங்கினால் வேலை இல்லை. அந்த மாதங்களில் கல்லடியில் இருக்கும் அக்கா வீட்டுக்கு வந்துவிடுவான். வெளிநாட்டவர் ஒருவர் கொண்டுவந்த மின்பலகையை அவன் பார்த்திருக்கிறான். பற்றரியில் ஓடி, அடியிலிருந்து தண்ணீரை உறிஞ்சிப் பின்னால் பீய்ச்சி, அலையே இல்லாத தண்ணீரிலும் ஆளை நிற்க வைத்துக்கொண்டு போகும் பலகை. விலை பத்தாயிரம் டொலருக்கு மேல். "நாங்களே செய்வோம் மாமா" என்றான். கேட்கும்போது அவன் கண் என் முகத்தில் இல்லை, பட்டறைச் சுவரில் தொங்கிய கருவிகளின் மேல் இருந்தது. அது எனக்குப் பிடித்திருந்தது.

சம்மதித்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. எரிபொருள் கிடைக்காத 2022ஆம் ஆண்டை இங்குள்ள படகுக்காரர் யாரும் மறக்கமாட்டார்கள். எங்கள் கரையில் இருக்கும் சிறிய இஞ்சின்களில் பல பெற்றோலில் தொடங்கி மண்ணெண்ணெயில் ஓடுபவை. மண்ணெண்ணெய்க்கு வரிசையில் கான்களை நிறுத்திவிட்டு ஆட்கள் மரநிழலில் படுத்துக் கிடந்தார்கள். ஆகஸ்டில் ஒரு லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயானது. அந்த நாட்களில் என்னிடம் பழுதான இஞ்சின்கள் வரவில்லை. நல்ல இஞ்சின்கள் வந்தன, "விற்றுத் தாருங்கள்" என்று. எண்ணெய் இல்லாமல் ஒரு மனிதனைத் தண்ணீரின் மேல் தள்ளிக்கொண்டு போக முடியுமா என்பதை என் கையாலேயே பார்த்துவிட வேண்டும் என்ற எண்ணம் அப்போது விழுந்ததுதான்.

பலகையின் உடலை என் பொறுப்பில் எடுத்துக்கொண்டேன். 2004 சுனாமிக்குப் பிறகு உடைந்த பைபர் படகுகள் கரையெங்கும் குவிந்து கிடந்தபோது ரெசின் வேலையும் என் கைக்கு வந்திருந்தது. ரெஜிபோம் என்று நாங்கள் சொல்லும் தேர்மகோல் கட்டியை அறுத்து, படகு கட்டும் ஓடாவி ஒருவரிடம் இழைப்புளி வாங்கி வடிவமாக்கி, பைபர் துணி விரித்து, படகுக்குப் பூசும் அதே பொலியெஸ்டர் ரெசினை ஊற்றினேன். சிறிது நேரத்தில் துணி உள்ளே இறங்கியது. அந்த ரெசினில் இருக்கும் ஸ்டைரீன் ரெஜிபோமைக் கரைத்துவிடும்; இதற்கு எப்பொக்சி ரெசின்தான் வேண்டும். அறுகம்பையில் உடைந்த பலகைகளை ஒட்டிப் பழகிய பையன் முதல் நாளே இதைச் சொல்லியிருந்தான். நான்தான் காதில் வாங்கவில்லை. மூன்று நாள் வேலை போனது. அவன் ஒரு சொல்லும் சொல்லாமல் அடுத்த கட்டியை அறுக்கத் தொடங்கினான். அன்றிலிருந்து அவன் பேசும்போது நான் கை வேலையை நிறுத்திவிட்டுக் கேட்பது என்று வைத்துக்கொண்டேன்.

ஜெட் என்பதில் மர்மம் எதுவும் இல்லை. அடியில் ஒரு வாய், அதிலிருந்து குழாய், குழாய்க்குள் சுழலும் இதழ்ச் சக்கரமான இம்பெல்லர், அதன் பின்னால் சுழன்று வரும் நீரை நேராக்கும் அசையாத தகடுகள், கடைசியில் குறுகிய மூக்கு. தண்ணீரைப் பின்னால் எறிந்தால் பலகை முன்னால் போகும். நியூசிலாந்தின் பில் ஹமில்டன் 1950களில் ஜெட் படகைச் செப்பமாக்கியது, தன் ஊரின் ஆழமில்லாத கல் ஆறுகளில் ஓடுவதற்காக. எங்கள் ஆறும் வெயில் காலத்தில் பல இடங்களில் இடுப்பளவுதான். அதோடு, வெளியே சுழலும் புரொப்பெல்லர் ஒரு மனிதனின் கெண்டைக்காலுக்கு என்ன செய்யும் என்பதை நான் இரண்டு முறை பார்த்திருக்கிறேன். ஆட்கள் குளிக்கும் ஆற்றில் ஓடப்போகும் பலகைக்கு அடைபட்ட இம்பெல்லர்தான் என்று அன்றே முடிவு செய்தோம்.

இம்பெல்லரை வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் அவனுடைய நண்பன் முப்பரிமாண அச்சுப்பொறியில் நைலோனில் அச்சிட்டுக் கொண்டுவந்தான். இஞ்சின் கழுவும் சீமெந்துத் தொட்டியில் பலகையை இறக்கி, மீன் நிறுக்கும் தொங்கு தராசை அதன் வாலில் கட்டி, மறுமுனையைத் தூணில் கட்டினோம். பலகை எவ்வளவு இழுக்கிறது என்று தராசு சொல்லும். முதல் நாள் 19 கிலோ. இம்பெல்லரின் இதழ் நுனிக்கும் குழாய்க்கும் இடையில் இரண்டு மில்லிமீற்றர் இடைவெளி இருந்தது. அந்த வழியாகத் தண்ணீர் திரும்பி ஓடிவிடுகிறது. லேத் பட்டறையில் குழாய்க்கு உட்கூடு கடைந்து இடைவெளியை அரை மில்லிமீற்றராக்கினோம். தராசு 25க்கு ஏறி அங்கேயே நின்றுவிட்டது. வேகத்தைக் கூட்டினால் சுற்று கூடுகிறது, அம்பியர் கூடுகிறது, தராசு முள் மட்டும் அசையவில்லை.

பையன் கணினித் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். மோட்டரைக் கட்டுப்படுத்தும் கருவி வெஸ்க் வகையைச் சேர்ந்தது. சுவீடன்காரரான பெஞ்சமின் வெடர் யாரும் செய்துகொள்ளலாம் என்று வரைபடத்தைத் திறந்து வைத்த கருவி அது. வோல்ட், அம்பியர், சூடு எல்லாம் திரையில் ஓடும். அந்தக் கோடுகளில் குறை எதுவும் தெரியவில்லை. எனக்குக் கை பரபரத்தது. மூலையில் கிடந்த துடுப்பை எடுத்து, அலகைத் தொட்டிக்குள் இறக்கி, பிடியின் நுனியில் காதை வைத்தேன்.

சல்லிக்கல்லைத் தகரத்தில் கொட்டுவது போன்ற சத்தம். வெளியில் ஒன்றுமே கேட்கவில்லை; தண்ணீருக்குள் அப்படி ஓர் அரைப்பு. எனக்கு அது பழைய ஆள்தான். இம்பெல்லருக்குத் தேவையான தண்ணீர் வந்து சேராவிட்டால் இதழின் முதுகில் அழுத்தம் இறங்கி, சூடே இல்லாமல் தண்ணீர் கொதித்துக் குமிழாகும். குமிழ்கள் உடையும் சத்தம்தான் அந்தச் சல்லிக்கல். படகுகளின் புரொப்பெல்லர்களில் அம்மைத் தழும்புபோல் குழி விழுவதும் இதனால்தான். பையனிடம் துடுப்பைக் கொடுத்தேன். பிடியில் வைத்த காதை அவன் நெடுநேரம் எடுக்கவில்லை.

குற்றம் வாயில் இருந்தது. ஆற்றுவாழை வேரும் பொலித்தீன் பையும் உள்ளே போகக் கூடாது என்று கம்பிகளை நெருக்கமாக வைத்திருந்தோம். வாயின் உதடும் கூராக இருந்தது. கம்பிகளைப் பாதியாகக் குறைத்து, உதட்டை உருட்டி, மீண்டும் இறக்கினோம். துடுப்பில் கேட்டது ஒரே சீரான இரைச்சல் மட்டும். தராசு 36ஐக் காட்டியது. ஐந்து சென்ரிமீற்றர் மூக்கு வழியாக ஒரு செக்கனுக்கு ஏறத்தாழ 26 லீற்றர் தண்ணீர் பாய்ந்தால்தான் அந்த இழுவை வரும். கிணற்றடியில் குளிக்கும் பெரிய வாளி இரண்டரை, ஒரு செக்கனில். அந்த முள்ளை நான் இன்றைக்கும் நினைத்துப் பார்க்கிறேன்.

பற்றரி பையனின் வேலை. விரல் பருமனில், 18 மில்லிமீற்றர் விட்டமும் 65 மில்லிமீற்றர் உயரமும் உள்ள லித்தியம் செல்கள் 140. பத்துப் பத்தாக இணைத்த பதினான்கு வரிசை, முழுச் சார்ஜில் 58.8 வோல்ட். முழு வேகத்தில் நாலு கிலோவாட்டுக்குச் சற்று மேலே குடிக்கும். ஏறத்தாழ இருபது நிமிடம் ஓடும். கையில் பிடிக்கும் கம்பியில்லா விசையின் அலை தண்ணீருக்குள் போகாது. ஆள் விழுந்து கை மூழ்கினால் தொடர்பு அறுந்துவிடும், அந்த நொடியே மோட்டர் நிற்க வேண்டும். கணுக்காலில் கட்டும் கயிற்றின் காந்தம் பிடுங்கினாலும் நிற்க வேண்டும். இரண்டையும் தொட்டியில் ஐம்பது தடவை பரீட்சித்த பிறகே அதை ஆற்றுக்குக் கொண்டுபோக விட்டேன். அவன் அவசரப்பட்டான். நான் அசையவில்லை.

பங்குனி உத்திரத்தை ஒட்டிய ஒரு பகலில் முதல் ஓட்டம். வயிற்றில் படுத்தபடி அவன் இரண்டு சுற்று ஓடி வந்தான். கரையில் வைத்துப் பற்றரி அறையின் மூடியைத் திருகும்போது 'உஸ்' என்றொரு மெல்லிய சத்தம். காற்று வெளியேறும் சத்தம் அல்ல; உள்ளே போகும் சத்தம். புதிய பால்மா டின்னைத் திறக்கும்போது வரும் அதே சத்தம். மூடியைத் தூக்கினால் உள்ளே ஒரு தேக்கரண்டி உப்புத் தண்ணீர், செல்களின் மேல்.

தொட்டியில் இரவு முழுக்க அமுக்கி வைத்துப் பார்த்த இறப்பர் வளையம் அது. ஒரு துளியும் விடவில்லை. ஆற்றில் ஏன் விட்டது? அந்த 'உஸ்' சத்தம்தான் விடை சொன்னது. வெயிலில் மணலில் கிடந்தபோது அறைக்குள் இருந்த காற்று ஐம்பது பாகைக்குச் சூடாகியிருக்கும். மூடியை இறுக்கி முப்பது பாகைத் தண்ணீரில் இறக்கியதும் காற்று குளிர்ந்து சுருங்கியது. இருபது பாகை இறங்கினால் அழுத்தம் நூற்றுக்கு ஆறு பங்கு குறையும். அறுபது சென்ரிமீற்றர் உயரத் தண்ணீரை இழுக்க அது போதும். தண்ணீரைத் தடுக்கும் வேலையை வாழ்நாள் முழுக்கச் செய்திருக்கிறேன். தண்ணீர் தள்ளிக்கொண்டு வரும் என்று மட்டுமே எண்ணியிருந்தேன். நாங்களே உறிஞ்சி எடுத்துக்கொள்வோம் என்று ஒருநாளும் எண்ணியதில்லை.

உப்புத் தண்ணீர் பட்ட லித்தியம் பற்றரி பல மணி நேரம் கழித்தும் தீப்பிடிக்கலாம். பட்டறைக்குள் எண்ணெயும் ரெசினும். ஆகவே கல்லடிக் கடற்கரையின் வெறும் மணலுக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டு, காற்று வரும் பக்கமாகத் தள்ளி, இருவரும் விடியும்வரை காவல் இருந்தோம். அவனுடைய அக்கா இடியப்பமும் சொதியும் கொடுத்தனுப்பினாள். மணிக்கொரு தடவை அவன் சூடு பார்க்கும் கருவியோடு போய் எட்ட நின்று அளந்து வந்தான். ஒரு வரிசை மட்டும் நாற்பத்தெட்டு வரை ஏறி, பிறகு இறங்கியது.

நல்ல நிலவு. பேச்சு, எங்கள் ஆற்றில் இரவில் தண்ணீருக்குள் பாடும் என்று சொல்லப்படும் பாடும் மீனில் வந்து நின்றது. பொத்துவில் பையன் கேள்விப்பட்டதோடு சரி. என் அப்பா கல்லடிப் பாலத்துக்குக் கீழே தோணியை நிறுத்தி, துடுப்பைத் தண்ணீரில் நட்டு, பிடியில் என் காதை வைத்த இரவைச் சொன்னேன். எனக்கு ஏழெட்டு வயது. முதலில் வெறும் தண்ணீர். "பொறு மகன், பொறு" என்றார். நெடுநேரத்துக்குப் பிறகு ஈரவிரலால் கண்ணாடியைத் தேய்ப்பது போன்ற ஒரு நீண்ட நாதம் வந்தது. பையன் கேட்டான்: "அதனால்தானா மாமா அன்றைக்குத் தொட்டியில் துடுப்பை வைத்தீர்கள்?" அவன் கேட்கும்வரை அந்த இரண்டையும் நான் சேர்த்துப் பார்த்ததே இல்லை. ஸ்குரு டிரைவரும் துடுப்பும் ஒரே பழக்கம்தான். தொழில் பழக்கியவரிடம் படித்தேன் என்று இவ்வளவு காலம் சொல்லிவந்தது முழுவதும் சரியில்லை.

நனைந்த செல்களைக் கழற்றி மாற்றினோம். மூடியில், காற்றை விட்டுத் தண்ணீரை விடாத சவ்வு வைத்த சிறு அடைப்பானைப் பொருத்தினோம். அது வந்து சேரும்வரை, மீனை வெயிலில் வைக்கும்போது போடும் ஈரச்சாக்கைப் பலகையின் மேல் போட்டு, ஆறிய பிறகே மூடியை இறுக்கினோம். அந்தச் சாக்கை இன்றும் போடுகிறோம். அலுமினியத் தண்டுக்கூட்டை உப்புத் தண்ணீர் அரிக்காமல் காக்க, அவுட்போட்டில் இருப்பதுபோல் துத்தநாகக் கட்டியும் வைத்தேன்.

அவன் அறுகம்பைக்குத் திரும்ப வேண்டிய வாரத்தில், ஒரு காலையில் எழுந்து நின்று ஓட்டினான். முதலில் வால் அமிழ்ந்து தத்தளித்தது. பிறகு மூக்கு இறங்க, பலகை தண்ணீரின் மேல் ஏறிக்கொண்டது. கைப்பேசி மணிக்கு 24 கிலோமீற்றர் காட்டியதாகப் பிறகு சொன்னான். கரையில் நின்ற எனக்குத் தண்ணீர் கிழியும் சத்தம் தவிர எதுவும் கேட்கவில்லை.

இறால் பிடிக்கும் தோணிக்காரர் ஒருவர் பக்கத்தில் தோணியை நிறுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். 2022இல் தன் இஞ்சினை என்னிடம் விற்கக் கொண்டுவந்தவர்களில் அவரும் ஒருவர். "இந்தச் சத்தத்துக்கு மீன் ஓடாதா அண்ணன்?" என்று கேட்டார். நான் பதில் சொல்லாமல், அவருடைய துடுப்பையே தண்ணீரில் நட்டுப் பிடியைக் காட்டினேன். குனிந்து காதை வைத்தார். பையன் பாலத்துப் பக்கம் போய்த் திரும்பி வரும்வரை வைத்திருந்தார்.

"வீட்டு நீரிறைக்கும் மோட்டர் மாதிரித்தான் கேட்கிறது" என்றார். பிறகு தன் தோணிக்கு இதைப் பூட்டலாமா என்று கேட்டார். மெதுவாகப் போகும் தோணிக்கு ஜெட் கூடாது, பற்றரியை வீணாகக் குடித்துவிடும். மெல்லச் சுற்றும் பெரிய புரொப்பெல்லர்தான் அதற்கு வேண்டும் என்று சொன்னேன். எவ்வளவு பெரியது என்றார். தோணியின் பின்பக்கம் தண்ணீருக்குள் எவ்வளவு இறங்கி நிற்கிறது என்று பார்க்க வேண்டும் என்றேன். அவர் தோணியைக் கரையில் ஏற்றாமல் அப்படியே பிடித்துக்கொண்டார். நான் அளவுநாடாவை எடுக்கப் பட்டறைக்குப் போனேன்.