நடுக்குளத்தில் நான்

குளக்கரையில் நிற்கிறேன். கையிலிருக்கும் ஜிபிஎஸ்ஸோ என்னை நடுக்குளத்தில் நிறுத்தியிருக்கிறது.

கன்னியாகுமரிப் பக்கம், மருந்துவாழ் மலைக்குப் போகும் வழி. தாமரை பறித்துக்கொண்டிருந்த பெரியவர் நிமிர்ந்தார். "என்ன மக்ளே, கொளத்த அளக்கியா?"

தப்பு என்னுடையதுதான். இந்திய நில அளவைத் துறையின் பழைய 1:50,000 அளவு வரைபடத் தாளை ஸ்கேன் செய்து அப்படியே ஜிபிஎஸ்ஸில் ஏற்றியிருந்தேன். அந்தக் காலத்துத் தாள்கள் எவரெஸ்ட் கணக்கில் வரைந்தவை; பூமியின் வடிவத்தை வைத்து இடங்களைக் குறிக்கும் பழைய முறை அது. ஜிபிஎஸ் பேசுவது டபிள்யூஜிஎஸ் 84 என்ற வேறொரு கணக்கு. மாற்றாமல் போட்டால் நம்மூர்ப் பக்கம் நூறு மீட்டருக்கு மேல் தள்ளிக் காட்டும்.

ஆனாலும் அந்தத் தாளை விட மனசில்லை. 20 மீட்டர் உயரத்துக்கு ஒரு சமஉயரக் கோடு, ஒரே உயரமுள்ள இடங்களை இணைப்பது. மலை செங்குத்தாகும் இடத்தில் கோடுகள் நெருங்கி நெருங்கி, கடைசியில் தலைமுடி போல ஒட்டிக்கொள்ளும். பார்த்ததுமே முழங்கால் வலிக்கும்.

பலரும் சேர்ந்து வரையும் இலவச இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ஒற்றையடிப் பாதைகள் உண்டு, யாராவது நடந்து குறித்திருந்தால். வரைபடத்தைக் காசு கொடுத்து வாங்குவதென்றால், அதில் தெரிந்த மலை ஒன்றைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுத்தான் வாங்குவேன்.

சரி, இப்போது தாளைத் திருத்தி, அதையும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பையும் ஏற்றியாயிற்று. கரையேறிவிட்டேன்.