எட்டடித் தொட்டியா, ஆறரை அடித் தொட்டியா?

அமெரிக்காவில் ஃபிஃப்த் வீல் டிரெய்லர் (தங்கும் வசதியுள்ள பெரிய இழுவண்டி) இழுக்கப் பிக்கப் டிரக் தேடும் நண்பர்கள் எஞ்சினின் குதிரைத்திறனைத்தான் முதலில் விசாரிக்கிறார்கள்; பின்தொட்டியின், அதாவது பின்புறம் சரக்கு ஏற்றும் திறந்த பகுதியின், நீளத்தை யாரும் கேட்பதில்லை. இந்த வகை டிரெய்லர் பம்பரில் மாட்டப்படுவதில்லை. தொட்டிக்குள், பின் அச்சுக்கு நேர் மேலேயோ சற்று முன்னாலோ பொருத்திய ஹிட்ச் என்னும் இணைப்புக் கருவியின் மீது அமர்கிறது. டிரெய்லரின் அகலம் 102 அங்குலம் வரை இருக்கும் என்பதால், செங்கோணமாகத் திரும்பும்போது அதன் பக்கச்சுவர் ஹிட்ச்சிலிருந்து 51 அங்குலம் முன்னே வந்து நிற்கும். ஹிட்ச்சுக்கும் கேபினுக்கும் இடையே அவ்வளவு இடம் இல்லையென்றால் பின்கண்ணாடி நொறுங்கிவிடும்.

8 அடித் தொட்டியில் அந்த இடம் பெரும்பாலும் கிடைத்துவிடும். ஆறரை அடி என்றால், பின்னுக்கு நகர்த்தக்கூடிய ஹிட்ச்சோ, முன்மூலைகள் உள்வாங்கிய டிரெய்லரோ தேவைப்படலாம். ஐந்தரை அடியை நான் பரிந்துரைக்கவே மாட்டேன்.

நான்கு கதவு கேபினோடு 8 அடித் தொட்டியும் சேர்ந்தால் வண்டி ஏறக்குறைய 22 அடி நீளும். கடைவாசலில் நிறுத்துவது பெரும்பாடுதான். ஆனாலும் முகாம் திடலில் மரங்களுக்கிடையே டிரெய்லரை ஒடித்துப் பின்னெடுப்பதை நினைத்தால், என் வாக்கு எட்டடிக்கே. தொட்டி எதுவானாலும், டிரெய்லர் எடையில் ஏறத்தாழ 15 முதல் 25 விழுக்காடு ஹிட்ச்சின் மீதே இறங்கும் என்பதால், ஓட்டுநர் கதவோரம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் சுமை வரம்பைப் படித்த பிறகே பணத்தைக் கட்டுங்கள்.