எங்கள் ஊர் பள்ளிக்கூடத்தில் 19 பேர்

தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தேன். மன்னார்குடிக்கும் திருத்துறைப்பூண்டிக்கும் நடுவே, மெயின் ரோட்டில் இறங்கி உள்ளே நாலு கிலோமீட்டர் போகவேண்டிய ஊர். ஐப்பசி மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது, வெளியே எங்கும் போகமுடியாமல் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது அத்தாச்சி வந்து, "என்னா தம்பி, நம்ம பள்ளிக்கூடத்த மூடிடப் போறாங்களாம்ல, புதுக் கல்விக் கொள்கைன்னு ஏதோ வந்துருக்காமே" என்று கேட்டார். யார் சொன்னது என்றேன். வாட்சப்பில் வந்ததாம்.

அப்படியெல்லாம் இல்லை என்று அப்போதைக்குச் சொல்லிவிட்டேன். ஆனால் உறுத்தலாக இருந்தது. 2020 ஜூலை 29-ல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த தேசியக் கல்விக் கொள்கை அது. அஞ்சு வருஷமாக டிவி விவாதத்தில் கேட்டுக்கொண்டே இருக்கிறேன், ஒரு பக்கம் கூட ஒழுங்காகப் படித்ததில்லை. மழையில் வேறு வேலை இல்லாததால் போனில் இறக்கிப் படிக்க ஆரம்பித்தேன்.

முதலில் பள்ளிக்கூடத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஊராட்சி ஒன்றிய தொடக்கப் பள்ளி. நான் படித்த காலத்தில் 140 பேருக்குக் குறையாமல் இருப்போம், மூன்றாம் வகுப்புக்கு இடம் போதாமல் புங்கமரத்தடியில் பாடம் நடக்கும். இப்போது அஞ்சு வகுப்புக்கும் சேர்த்து 19 பேர், இரண்டு டீச்சர், அதில் ஒருவர் தலைமையாசிரியர். அவருக்கு பாதி நாள் எமிஸ் என்கிற அரசு இணையப் பதிவேட்டில் விவரம் ஏற்றுவதிலேயே போய்விடுகிறது. மிச்சப் பிள்ளைகள் எங்கே? காலையில் ஏழே முக்காலுக்குக் கோயிலடியில் வந்து நிற்கும் இரண்டு மஞ்சள் வேனில் இருக்கிறார்கள்.

கொள்கையில் ஏழாவது அத்தியாயம்தான் அத்தாச்சியின் கேள்விக்கு உரியது. நாட்டிலுள்ள அரசுத் தொடக்கப் பள்ளிகளில் ஏறக்குறைய 28 சதவீதத்தில் 30 பிள்ளைகளுக்கும் குறைவு, 2016-17 கணக்குப்படி ஒரே ஆசிரியர் உள்ள பள்ளிகள் 1,08,017 என்று அதில் போட்டிருக்கிறது. இதற்கு அவர்கள் சொல்லும் வழி பள்ளி வளாகம். ஒரு உயர்நிலைப் பள்ளியை நடுவில் வைத்து, சுற்றி 5 முதல் 10 கிலோமீட்டருக்குள் இருக்கிற சின்னப் பள்ளிகள், அங்கன்வாடிகள் எல்லாவற்றையும் ஒரே குடும்பமாகச் சேர்ப்பது; ஆய்வகம், நூலகம், பாட்டு டீச்சர், விளையாட்டு டீச்சர் எல்லாரும் பொது. இது ஒன்றும் புது யோசனை இல்லை, 1964-66 கோத்தாரி கமிஷனே சொன்னதுதான். மூடு என்று எங்கும் சொல்லவில்லை. பள்ளிகளை இணைப்பதாக இருந்தால் ரொம்ப யோசித்துத்தான் செய்யவேண்டும், பிள்ளைகள் வந்துபோவதற்குப் பாதிப்பு இருக்கக்கூடாது என்றே எழுதியிருக்கிறார்கள். நியாயமாகச் சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டேன்.

ஆனால் காகிதத்தில் இருப்பது வேறு, ஆணையாக இறங்கி வருவது வேறு. 2025 ஜூனில் உத்தரப்பிரதேசத்தில் 50 பிள்ளைகளுக்குக் குறைந்த பள்ளிகளைப் பக்கத்துப் பள்ளியோடு இணைக்கச் சொல்லி ஆணை போட்டார்கள், விஷயம் உயர்நீதிமன்றம் வரை போனது. நாளைக்கு நம் ஊரில் எந்தக் கட்சி ஆட்சியில் இருந்தாலும், நிதி நெருக்கும்போது ஒரு அதிகாரி இந்த அத்தியாயத்தைத்தான் விரித்துக் காட்டுவார்.

எங்கள் பக்கம் 5 கிலோமீட்டர் என்றால் என்னவென்று டெல்லியில் இருப்பவர்களுக்குப் புரியவைப்பது கஷ்டம். வரைபடத்தில் கோடு போட்டால் 5 கிலோமீட்டர்தான். நடுவில் ஒரு ஆறு, இரண்டு பாசன வாய்க்கால், ஒரு வடிகால். ஜூன் 12-ல் மேட்டூர் திறந்து கடைமடைக்குத் தண்ணீர் வந்துவிட்டால் தை வரைக்கும் எதையும் இறங்கிக் கடக்கமுடியாது, மதகைச் சுற்றித்தான் போகவேண்டும். எங்கள் ஊர் நடைபாலத்துக்குக் கஜா புயலில் போன ஒரு பக்கக் கைப்பிடி இன்னும் வரவில்லை, 2018-லிருந்து அப்படியே நிற்கிறது. ஆறு வயதுப் பிள்ளையைத் தனியாக அதில் அனுப்புவார்களா? கல்வி உரிமைச் சட்ட விதிகளில் தொடக்கப் பள்ளி ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கவேண்டும் என்று வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. நடவுக்குப் போகிற அம்மா ஆறு மணிக்கே வயலுக்குக் கிளம்பிவிடுவார். பிள்ளை தானாக எழுந்து, தானாக நடந்து போய்ச் சேருகிற தூரத்தில் பள்ளிக்கூடம் இருந்தால்தான் அது பள்ளிக்கூடம்.

அப்பாவிடம் இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். 80 வயது ஆகிறது, காது கொஞ்சம் மந்தம். ஆறாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்புக்குள் பத்து நாள் பை இல்லாமல் பள்ளிக்கு வந்து, உள்ளூர்த் தச்சர், தோட்டக்காரர், குயவர் இப்படிப்பட்டவர்களிடம் வேலை பழகவேண்டும் என்று கொள்கையில் இருப்பதைப் படித்துக் காட்டினேன். எனக்கு அது நல்லதாகத்தான் பட்டது, பையனுக்கு ஒரு ஆணி அடிக்கத் தெரியவில்லையே என்று நானே எத்தனை தடவை அலுத்துக்கொண்டிருக்கிறேன். அப்பா சிரிக்கவில்லை. "எங்களுக்கும் அப்படித்தான் சொன்னாங்க" என்றார்.

1953. ராஜாஜி முதலமைச்சர். கிராமத்துத் தொடக்கப் பள்ளிகளில் பாட நேரத்தை மூன்று மணி நேரமாகக் குறைத்து, மீதி நேரம் பிள்ளைகள் வீட்டில் அப்பன் தொழிலைக் கற்கட்டும் என்று திட்டம் வந்தது. குலக்கல்வி என்று பெயரெடுத்த திட்டம். அப்பா அப்போது மூன்றாம் வகுப்பு. தாத்தா பண்ணையாள். பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் அதற்கு முந்தின வருஷம்தான், 1952-ல் வந்திருந்தது, சட்டம் வந்துவிட்டதே தவிர வேலை அதே வேலைதான். அப்படியென்றால் அப்பா மதியத்தில் கற்கவேண்டிய குலத்தொழில் எது? நிலக்காரரான மிராசு வீட்டு எருமையைப் படுகைக்கு ஓட்டிப்போய் மேய்த்துக் கொண்டுவந்து கட்டுவது. அதைத்தான் செய்தார். ஒரு வருஷம். 1954-ல் காமராஜர் வந்ததும் திட்டத்தைக் கைவிட்டார்கள், அப்பா முழு நாள் பள்ளிக்கூடம் போய் எட்டாவது முடித்தார், அதனால் கூட்டுறவுச் சங்கத்தில் வேலை, அதனால் நான்.

பத்து நாளும் ஒரு வருஷமும் ஒன்றில்லை என்று எனக்குத் தெரியும். தச்சுப் பட்டறைக்குப் பத்து நாள் போனால் சாதி வந்து ஒட்டிக்கொள்ளும் என்றும் நான் சொல்லவில்லை. ஆனால் எங்கள் ஊர்ப் பக்கத்தில் பள்ளிக்கூடம் என்ற சொல்லோடு உள்ளூர்த் தொழில் என்ற சொல்லைச் சேர்த்துச் சொன்னால் எண்பது வயதுக்காரர் ஏன் நிமிர்ந்து உட்காருகிறார் என்பது கொள்கை எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கவேண்டும் அல்லவா? தச்சர் மகனும் மிராசு பேரனும் ஒரே பட்டறையில் ஒரே உளியைப் பிடிப்பார்கள் என்று உறுதி கொடுத்தால் அப்பாவும் ஒத்துக்கொள்வார் என்று நினைக்கிறேன்.

அப்புறம் தேர்வு. 3, 5, 8-ஆம் வகுப்புகளில் தேர்வு வேண்டும் என்கிறது கொள்கை. இதை நாங்கள் ஒத்திகை பார்த்துவிட்டோம். 2019-ல் தமிழ்நாட்டு அரசே 5, 8 வகுப்புகளுக்குப் பொதுத்தேர்வு என்று அறிவித்து, எதிர்ப்பு கிளம்பி, 2020 பிப்ரவரியில் ரத்து செய்தது. அந்த நாலஞ்சு மாதத்தில் அத்தாச்சியின் தங்கை மகன், எட்டாவது படித்துக்கொண்டிருந்தவன், ஃபெயிலாகி அசிங்கப்படுவதற்குப் பதில் என்று திருப்பூருக்குப் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டான். ரத்தான செய்தி வந்தபோது அவனைத் திரும்பக் கூப்பிட்டார்கள், வரவில்லை.

மொழி விஷயத்தை எழுதாமல் விட்டால் பின்னூட்டத்தில் திட்டு விழும். கொள்கை மூன்று மொழி படிக்கச் சொல்கிறது. எனக்கு தமிழ், இங்கிலீஷ் என்ற இருமொழியே போதும், 1968-லிருந்து அப்படித்தான் இருக்கிறோம். ஆனால் நான் பேசக்கூடாது. என் பையன் தஞ்சாவூரில் சிபிஎஸ்இ பள்ளியில் படிக்கிறான், ஆறாம் வகுப்பில் மூன்றாவது மொழியாக இந்தி எடுத்திருக்கிறான். குறைந்தது அஞ்சாம் வகுப்பு வரை தாய்மொழியில் கற்பிப்பது நல்லது என்று அதே கொள்கை சொல்கிறது, அதை ஆதரிக்கிற கட்சிக்காரர் வீட்டுப் பிள்ளையும் எதிர்க்கிற கட்சிக்காரர் வீட்டுப் பிள்ளையும் எங்கள் ஊரில் ஒரே இங்கிலீஷ் மீடியம் வேனில்தான் போகிறார்கள்.

பணத்துக்கு வருகிறேன். மத்திய அரசின் பிஎம் ஸ்ரீ பள்ளித் திட்டத்தில் சேர்ந்தால் தேசியக் கல்விக் கொள்கையை ஏற்பதாக எழுதிக் கொடுக்கவேண்டும், தமிழ்நாடு கையெழுத்துப் போடவில்லை. அதனால் ஒருங்கிணைந்த கல்வித் திட்டத்தில் 2024-25-க்கு வரவேண்டிய 2,152 கோடி ரூபாயை மத்திய அரசு தரவில்லை. மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கான சிறப்பாசிரியர் சம்பளமும் அந்தத் திட்டத்தில்தான் வருகிறது. ஒரு கொள்கை பிடிக்கவில்லை என்பதற்காக இன்னொரு திட்டத்துப் பணத்தை நிறுத்துவது எனக்கு அடாவடியாகத்தான் தெரிகிறது, மிராசு கூலி நெல் அளக்காமல் நிறுத்திவைத்த கதைகளைக் கேட்டு வளர்ந்தவன் நான்.

கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளியில் ஏழைப் பிள்ளைகளுக்குத் தருகிற 25 சதவீத இலவச இடத்துக்கான பணமும் இதில் சிக்கியது. 2025-ல் மே மாதம் திறக்கவேண்டிய விண்ணப்பம் அக்டோபரில்தான் நகர்ந்தது. பெற்றோர் அலைந்தது பாவம். ஆனால் ஒன்று சொல்கிறேன், யாரும் கோபித்துக்கொள்ளவேண்டாம்: எங்கள் பள்ளிக்கூடத்தைக் காலி செய்ததில் இந்த 25 சதவீதத்துக்கும் பங்கு உண்டு. அரசாங்கமே காசு கட்டி வேனில் ஏற்றி அனுப்பிவிட்டு, பிறகு 19 பேர்தான் இருக்கிறார்கள் என்று கணக்கு எடுத்தால் என்ன செய்வது.

சிரிப்பு வரவழைத்த இடம் ஒன்று உண்டு. பிள்ளைகளுக்குக் காலையில் எளிய சத்தான சிற்றுண்டி கொடுத்தால் பாடம் ஏறும் என்று தேசியக் கொள்கை சொல்கிறது. அதை ஏற்காத தமிழ்நாடுதான் 2022 செப்டம்பரில் காலை உணவுத் திட்டத்தைத் தொடங்கியது, 2023 ஆகஸ்ட் 25-ல் அதை விரிவாக்கியதும் எங்கள் பக்கத்துத் திருக்குவளையில்தான், கலைஞர் படித்த பள்ளியில். எங்கள் பள்ளியிலும் எட்டே கால் மணிக்கு ரவா உப்புமாவும் சாம்பாரும் மணக்கிறது. வேன் பிள்ளைகள் கோயிலடியில் பிஸ்கட் பாக்கெட்டோடு நிற்கும்போது இவர்கள் சூடாகச் சாப்பிடுகிறார்கள். 19-ல் ஏழு பேர் அதற்காகவே வருகிறார்கள் என்று தலைமையாசிரியர் சொன்னார், குறையாகச் சொல்லவில்லை, சந்தோஷமாகத்தான் சொன்னார்.

2025 ஆகஸ்ட் 8-ல் தமிழ்நாடு தனக்கென்று ஒரு மாநிலக் கல்விக் கொள்கையை வெளியிட்டது, நீதியரசர் முருகேசன் குழு கொடுத்த அறிக்கைக்குப் பின். பதினொன்றாம் வகுப்புப் பொதுத்தேர்வு போனது. நல்லது. 19 பேர் படிக்கிற பள்ளியை என்ன செய்யப்போகிறோம் என்று அத்தாச்சி கேட்டால், அதைக் காட்டியும் என்னால் பதில் சொல்லமுடியவில்லை.

கிளம்புகிற அன்று காலையில் அத்தாச்சியிடம் கேட்டேன், பேத்தியை எங்கே சேர்க்கப் போகிறீர்கள் என்று. வருகிற ஏப்ரலில் அவளுக்கு அஞ்சு முடிகிறது. தேசியக் கொள்கைப்படி ஒன்றாம் வகுப்புக்கு ஆறு வயது ஆகவேண்டும், நம் பள்ளியில் அஞ்சு முடிந்தால் போதும். "வேன்காரரு ரெண்டு தடவ வந்துட்டுப் போயிட்டாரு தம்பி, மூவாயிரம் அட்வான்ஸு கேக்குறாரு" என்றார் அத்தாச்சி. பள்ளிக்கூடத்து டீச்சர்? "அவங்க மே மாசம்தான் புள்ள சேக்க வருவாங்க, தாரை தப்பட்டையோட."