ஒன்பது கோடுகள்

மார்ச் 4, செவ்வாய்

மச்சானின் வண்டியில் மாற்று இன்ஜின் இறங்கி உட்கார்ந்துவிட்டது. சென்னைப் புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடையில் வாங்கிய இதுவும் பழையதைப் போலவே 4 சிலிண்டர் காமன் ரெயில்தான், அதாவது டீசல் தெளிக்கும் இன்ஜெக்டர்கள் எல்லாவற்றுக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும் வகை. இன்ஜினை ஆளும் கம்ப்யூட்டரான ஈசிஎம்மும் ஒயரிங்கும் வண்டியினுடையவையே என்பதால், அது சாவியை அடையாளம் காண்பதில் சிக்கல் இல்லை. மாலை ஏழு மணிக்கு ஸ்டார்ட் செய்து பார்த்தேன். செல்ஃப் முனகி முனகிச் சுற்றியது, இன்ஜின் எடுக்கவில்லை. ஸ்கேனரைச் சொருகினால் ஒன்பது கோடுகள், அதாவது வண்டி பதிந்து வைத்த கோளாறு எண்கள். எவர்சில்வர் மூடியில் பத்து நம்பர் போல்ட் ஒன்று மிச்சம் கிடக்கிறது.

மார்ச் 5

மச்சான் மூன்று முறை அழைத்தார். நான் எடுக்கவில்லை.

மார்ச் 6

ஒன்பதையும் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினேன். பி0335 கிராங்க் சென்சார், பி0340 கேம் சென்சார், பி0192 ரெயில் பிரஷர் சென்சார், பி0107 காற்று உள்ளே போகும் மேனிஃபோல்டின் பிரஷர் சென்சார், பி0405 புகையில் ஒரு பங்கைத் திருப்பி அனுப்பும் ஈஜிஆரின் சென்சார், பி0380 சிலிண்டரைச் சூடாக்கும் குளோ பிளக், பி0562 வோல்டேஜ் குறைவு, பி0641 சென்சார்களுக்கான வோல்டேஜ், கடைசியாக, ஈசிஎம்மோடு பேச முடியவில்லை என்று யு0100. ஒன்பது பாகங்களும் ஒரே நாளில் கெட்டுப்போக இது என்ன கொள்ளை நோயா?

பேட்டரி 12.6 வோல்ட் காட்டியது. ஆனாலும் செல்ஃப் முனகியது மனத்தில் உறுத்திக்கொண்டே இருந்ததால், மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவிலும் மறு முனையை இன்ஜின் பிளாக்கிலும் வைத்துக்கொண்டு, பையனைச் செல்ஃப் அடிக்கச் சொன்னேன். அரை வோல்ட்டுக்குள் இருக்க வேண்டிய இடத்தில் 1.9 வோல்ட். விற்கும்போது பளபளக்கட்டும் என்று யாரோ பிளாக்கில் அடித்திருந்த சில்வர் பெயிண்டின் மேலேயே பேட்டரி நெகட்டிவோடு இணைக்கும் எர்த் பட்டையை முடுக்கியிருக்கிறேன். இருபது ஆண்டுகளாக இந்த வேலையைச் செய்கிறவன் நான்! உப்புத்தாள் போட்டு இரும்பு தெரியும்வரை தேய்த்து மீண்டும் முடுக்கியதும் 0.1 வோல்ட் ஆயிற்று. கோடுகளை அழித்துவிட்டுச் செல்ஃப் அடித்தபோது பி0335, பி0380, பி0562, யு0100 நான்கும் திரும்பி வரவில்லை. செல்ஃப் இப்போது கணீரென்று சுற்றுகிறது. இன்ஜின்தான் எடுக்க மறுக்கிறது.

மார்ச் 7

ஸ்பேர்ஸ் கடைக்காரர் மீதமுள்ள கோடுகளைக் கேட்டுவிட்டு, "நாலு சென்சாரையும் மாத்திடுங்கண்ணே, நிம்மதியா தூங்கலாம்" என்றார். கை பையை நோக்கிப் போகத்தான் செய்தது. ஆனால் அந்த நான்கும் ஒரே கிணற்றில் தண்ணீர் குடிப்பவை. எல்லாவற்றுக்கும் ஈசிஎம் அனுப்புவது அதே 5 வோல்ட்தான். பி0641 சொல்வதும் அந்தக் கிணறு வற்றிவிட்டது என்பதையே. ஒயர் சென்சாரோடு சேரும் கப்ளரில் மீட்டரை வைத்துப் பார்த்தேன்: 0.7 வோல்ட். ஏதேனும் ஒரு சென்சார் உள்ளுக்குள் ஷார்ட் ஆகியிருந்தால், அதன் கப்ளரைக் கழற்றியவுடன் 5 வோல்ட் மீண்டிருக்க வேண்டும். ஒவ்வொன்றாகக் கழற்றினேன். நான்கையும் கழற்றிய பிறகும் 0.7. அப்படியானால் குற்றம் ஒயரில், அல்லது ஈசிஎம்மில். ஈசிஎம் என்ற சொல்லை மச்சானிடம் சொல்லவில்லை.

மார்ச் 8

உறக்கமில்லை. அந்தப் பத்து நம்பர் போல்ட் எந்த இடத்துப் போல்ட்?

மார்ச் 9, ஞாயிறு

ஈசிஎம்மின் கப்ளரையும் கழற்றிவிட்டு அந்த ஒயருக்கும் பாடிக்கும் இடையே அளந்தேன். எங்கும் தொடாமல் இருக்க வேண்டிய ஒயர் 3 ஓம் காட்டியது. ஈசிஎம் பிழைத்தது! ஒயரிங்கை முன்னிருந்து பின்னாகத் தடவிக்கொண்டே போனபோது, இன்டேக் மேனிஃபோல்டின் அடியில் உள்ள பிராக்கெட்டுக்கும் பிளாக்கிற்கும் நடுவே விரல் நின்றது. இன்ஜினை இறக்கும்போது ஒயர்க்கட்டு அங்கே நசுங்கியிருக்கிறது. மேலே சுற்றிய டேப்பில் கீறல்கூட இல்லை. பிரித்துப் பார்த்தால் ஓர் ஒயரின் தோல் தட்டையாகிப் பிளந்து, தலைமுடி போன்ற இரண்டு செம்பு இழைகள் பிராக்கெட்டின் விளிம்பைத் தொட்டபடி நின்றன. சால்டர் வைத்து, ஸ்லீவ் போட்டு, கட்டை வேறு வழியாகக் கொண்டுபோனேன். 5.02 வோல்ட்.

அப்போதும் எடுக்கவில்லை. ஸ்கேனரில் ரெயில் பிரஷர் 80 பார் தாண்டவில்லை. அது ஏர் லாக், டீசல் போகும் வழியைக் காற்று அடைத்திருக்கிறது. கைப்பம்பை அடித்து அடித்துக் காற்றை வெளியேற்றினேன். 150, 190, 230. எடுத்துவிட்டது. வெள்ளைப் புகை தெருவையே மறைத்தது. எதிர்வீட்டுப் பெரியம்மா திட்டியதைக்கூட வாழ்த்தாகவே எடுத்துக்கொண்டேன்.

மார்ச் 10

கோடுகள் இல்லை. செக் லைட் இல்லை. ஆனால் ஆக்சிலேட்டரை மிதிக்காமல் ஐடிலில் ஓடும்போது டக் டக் என்று ஒரு தட்டல்.

மார்ச் 11

இன்ஜெக்டர்கள் வந்த இன்ஜினுடையவை, ஈசிஎம்மோ பழைய இன்ஜெக்டர்களின் எண்களையே வைத்துக்கொண்டிருக்கிறது. ஒவ்வோர் இன்ஜெக்டரும் டீசலைத் தெளிப்பதில் இழையளவு வேறுபடும் என்பதால்தான் அதன் தலையில் ஏழு எழுத்துகளைப் பொறித்து அனுப்புகிறார்கள். அந்த எழுத்துகளை ஈசிஎம்மில் ஏற்றுவதை நான் போன செவ்வாய்க்கிழமையே செய்திருக்க வேண்டும். டீசல் துணியால் கரியைத் துடைத்து, டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து மூன்றைப் படித்து ஏற்றிவிட்டேன். மூன்றாம் சிலிண்டருடையதில் ஐந்தாவது எழுத்து 8 போலவும் தெரிகிறது, ஆங்கில 'பி' போலவும் தெரிகிறது. யாரோ அதன் மேல் ஸ்பேனரை வழுக்கவிட்டிருக்கிறார்கள்.

மச்சானிடம், வண்டி ஓடினாலும் ஆர்சி புத்தகத்தில் இன்ஜின் எண்ணை மாற்றாமல் சாலையில் எடுக்கக் கூடாது என்று சொல்லி இரண்டு நாள் வாங்கியிருக்கிறேன். அது பொய்யும் அல்ல.

மார்ச் 12

பையனின் கண் கூர்மையானது. 8 என்கிறான். பூதக்கண்ணாடியில் பார்த்தால் எனக்கு 'பி' என்றே தெரிகிறது. முதலில் 8 போட்டுப் பார்க்கப் போகிறோம்.