ஸ்கேல் பிடிக்கும் கையைக் காப்பது: 80 கட்டக் குவில்ட்டின் வெட்டு வேலை

மடிமேல் போர்த்திக்கொள்ளும் அளவில், 48க்கு 60 அங்குலக் குவில்ட் (ஒட்டுத்துணிப் போர்வை) ஒன்று தைத்துக்கொண்டிருக்கிறேன். இரண்டே நிறம், எல்லாம் அரைச்சதுர முக்கோணக் கட்டங்கள், அதாவது நிறத்துக்கு ஒன்றாக இரண்டு முக்கோணங்களைச் சேர்த்துத் தைத்த சதுரங்கள். தைத்து முடிந்தபின் ஒரு கட்டம் 6 அங்குலம் இருக்கும். குறுக்கே 8, நீளத்தில் 10 என்று மொத்தம் 80 கட்டம். சதுரங்களை வெட்டுவதையும் அவற்றை மூலைவாக்கில் பிளப்பதையும் விட்டுவிட்டாலும், ஒவ்வொரு கட்டத்துக்கும் நான்கு ஓரம் சீராக்க வேண்டும். அதற்கு மட்டும் 320 வெட்டு. கத்தரிக்கோலால் செய்தால் மணிக்கட்டு தாங்காது, கோடும் நேராக வராது. அதனால் வெட்டு வேலை முழுவதும் ரோட்டரி கட்டரில்தான்: கைப்பிடி முனையில் வட்டப் பிளேடு உருளும் கருவி, ஸ்கேல் ஓரமாக ஓட்டி வெட்டுவது.

இந்தக் கட்டரை 1979-இல் ஜப்பானின் ஓல்ஃபா நிறுவனம் உடை தைப்பவர்களுக்காகக் கொண்டுவந்தது. ஒட்டுத்துணி வேலை செய்பவர்கள் அதை அப்படியே பிடித்துக்கொண்டார்கள். காரணம் எளிது: நாலு மடிப்புத் துணியை ஒரே இழுப்பில், நூல் பிசகாமல் வெட்டிவிடலாம். நாலு மடிப்பை வெட்டும் பிளேடுக்கு விரல் ஒரு பொருட்டே இல்லை என்பது அடுத்த விஷயம்.

வேலையைத் தொடங்குமுன் வெறும் கட்டரை மூடிவைத்தபடியே பிடித்துப் பார்த்தேன். வெட்டும் கை எப்போதும் பிளேடுக்குப் பின்னால் இருக்கிறது. பிளேடு முன்னால் ஓடுகிறது. வெட்டும்போது அந்தக் கைக்கு ஆபத்து மிகக் குறைவு. ஒவ்வொரு வெட்டிலும் பிளேடுக்குப் பக்கத்தில் கிடப்பது ஸ்கேலை அழுத்திப் பிடிக்கும் மற்றக் கைதான். ஸ்கேல் கொஞ்சம் சறுக்கினாலோ, பிளேடு ஸ்கேலின் விளிம்பில் ஏறினாலோ, அடி வாங்குவது அதுதான். ஆகவே இந்தக் குவில்ட்டில் நான் செய்த மாற்றம் எல்லாமே அந்தக் கைக்காக. (வலது கைக்காரர் கணக்கில் எழுதுகிறேன். இடது கைக்காரர்கள் திருப்பிப் போட்டுக்கொள்ளுங்கள். பிளேடையும் கட்டரின் மறுபக்கத்துக்கு மாற்ற மறக்க வேண்டாம். பிளேடு எப்போதும் ஸ்கேலை ஒட்டிய பக்கத்தில் இருக்க வேண்டும்.)

முதலில் கை வைக்கும் விதம். உள்ளங்கையை ஸ்கேல்மேல் தட்டையாகப் பரப்பினால் அழுத்தம் எங்கும் சரியாக இறங்குவதில்லை, கட்டைவிரலும் தன்னையறியாமல் விளிம்புக்கு வெளியே எட்டிப் பார்க்கும். விரல்களை விரித்து, உள்ளங்கையைச் சற்றுத் தூக்கி, விரல்நுனிகளால் ஊன்றினால் பிடி உறுதியாகிறது. சுண்டுவிரலை மட்டும் ஸ்கேலின் அந்தப் பக்க ஓரத்துக்கு வெளியே இறக்கி, துணியோடு சேர்த்து, அடியில் போட்டிருக்கும் வெட்டு விரிப்பில் (மேட்) ஊன்றிக்கொள்கிறேன். கட்டர் தள்ளும்போது ஸ்கேல் விலகப் பார்க்கும் திசை அதுதான். அங்கே சுண்டுவிரல் தடுப்பாக நிற்கிறது. வெட்டும் விளிம்பிலிருந்து ஒன்றரை அங்குலம் உள்ளே, ஸ்கேலின் முழு நீளத்துக்கும் சிவப்பு டேப் ஒட்டிவைத்திருக்கிறேன். டேப்பைத் தாண்டி எந்த விரலும் போகக் கூடாது. அளவுக்கோடுகள் கொஞ்சம் மறையும்தான். விரலா கோடா என்றால் விரல்.

6க்கு 24 அங்குல நீள ஸ்கேலில் இன்னொரு சிக்கல் உண்டு. ஒரு கையால் உறுதியாகப் பிடிக்க முடிவது ஏழெட்டு அங்குலம்தான். கை கீழ்முனையில் இருக்கும்போது பிளேடு மேல்முனைக்குப் போனால், ஸ்கேல் கையை அச்சாக வைத்துத் திரும்பிவிடும். அதனால் பிளேடு என் விரல்நுனிகளின் உயரத்துக்கு வந்ததும் நிறுத்துகிறேன். கட்டரை எடுப்பதில்லை. துணியில் அழுத்தியபடியே நிற்கும். ஸ்கேல் கை மட்டும் ஊர்ந்து மேலே போய் மறுபடி ஊன்றும். அப்புறம்தான் வெட்டு தொடரும். 24 அங்குலத்துக்கு இப்படி இரண்டு மூன்று நிறுத்தம் ஆகிறது. ஆரம்பத்தில் எரிச்சலாக இருந்தாலும், கோடு வளையாமல் வருவதைப் பார்த்தபின் வேறு மாதிரி வெட்ட மனசு வரவில்லை.

ஸ்கேல் சறுக்காமல் இருக்க அடியில் ஒட்டும் சிலிக்கான் பொட்டுகளையும் ஒட்டுப்படலத்தையும் இரண்டு ஸ்கேலில் தனித்தனியாக ஒட்டிப் பார்த்தேன். என் ஓட்டு படலத்துக்கே. பொட்டுகள் ஸ்கேலைத் துணியிலிருந்து மயிரிழை தூக்கிவிடுவதால், ஒற்றை மடிப்புத் துணியில் ஸ்கேல் லேசாக ஆடுகிறது. உறிஞ்சிக் கோப்பை வைத்த கைப்பிடியும் உண்டு. கை பிளேடுக்கு மேலே உயரத்தில் இருப்பதால் நீள வெட்டுக்கு அருமை. ஆனால் ஸ்கேலில் பஞ்சுத்தூசி இருந்தால் பிடி நடுவழியில் பட்டென்று விட்டுவிடும். ஒட்டுமுன் ஈரத்துணியால் துடைத்தே ஆக வேண்டும்.

மேசை உயரத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நின்று வெட்டுங்கள், மேசை இடுப்பளவு இருக்கட்டும். உட்கார்ந்து வெட்டினால் உடம்பின் எடை ஸ்கேலில் இறங்காது, விரல் பலத்தை மட்டும் நம்ப வேண்டியிருக்கும். வெட்டு எப்போதும் உடம்பிலிருந்து வெளிநோக்கி. பக்கவாட்டில் வெட்டினால் பிளேடு ஸ்கேல் கையின் முன்னங்கைப் பக்கம் போகும். துணியைத் திருப்பச் சோம்பலாக இருந்தால் மேட்டைத் திருப்புங்கள், அதுவும் முடியாவிட்டால் மேசையைச் சுற்றி நடந்து வாருங்கள்.

நிஜமான தலைவலி கட்டங்களைச் சீராக்குவதில் இருக்கிறது. தைத்து விரித்த கட்டத்தை ஆறரை அங்குலத்துக்கு (கட்டங்களை இணைக்கும்போது தையலுக்குள் போகும் ஓரத்தையும் சேர்த்து) சுற்றிலும் சீவ வேண்டும். துணியும் சின்னது, ஸ்கேலும் சின்னது, சீவுவது நூலிழை அளவு. எல்லாம் சின்னதாக இருக்கும்போது விரல்கள் விளிம்புக்கு நெருங்கிவிடுகின்றன. ஆறரை அங்குலச் சதுர ஸ்கேல் அளவுக்குக் கச்சிதம்தான், ஆனால் கை வைக்க இடம் போதவில்லை. எட்டரை அங்குலச் சதுரத்துக்கு மாறினேன். தையல் கோட்டின்மேல் ஸ்கேலின் 45 பாகைக் கோட்டைப் பொருத்தி, வலப்புறமும் மேற்புறமும் சீவி, கட்டத்தைத் திருப்பிப் போட்டு மற்ற இரண்டையும் சீவுகிறேன். மேற்புற வெட்டுதான் ஏமாற்றுவது. கை அப்படியே வலமிருந்து இடமாகக் குறுக்கே இழுக்கத் துடிக்கும். சுழலும் மேட் ஒன்று வைத்துக்கொண்டபின் அந்த வேலை போனது. கால் வட்டம் சுழற்றினால் மேற்புறமும் வலப்புறமாகிவிடுகிறது. குவில்ட் கருவிகளில் பாதி இல்லாமலே காலம் தள்ளலாம் என்பது என் கட்சி. சுழலும் மேட் அந்தப் பாதியில் சேராது.

பிளேடு மழுங்கியிருந்தால் ஆபத்து குறைவு என்று ஒரு நினைப்பு இருக்கிறது. சோதித்துப் பார்க்கலாம் என்று, சமையலறை எடைக்கருவிமேல் சின்ன மேட் துண்டை வைத்து, நாலு மடிப்புப் பருத்தித் துணியை வெட்டிப் பார்த்தேன். புது பிளேடு லேசான அழுத்தத்திலேயே துணியைப் பிரித்தது. நீண்ட நாள் ஓடிய பிளேடுக்கு அதைப் போலப் பல மடங்கு அழுத்த வேண்டியிருந்தது. அந்த அழுத்தம் முழுவதும் கட்டர் சறுக்கும் நொடியில் எங்கே போகும் என்று யோசித்தால் போதும். மழுங்கலில் இரண்டு வகை. வெட்டு முழுவதும் நூல் தொங்கினால் பிளேடு முழுவதும் தேய்ந்திருக்கிறது. ஒரே இடைவெளியில் ஒவ்வோர் இழை மட்டும் வெட்டுப்படாமல் நின்றால் பிளேடில் ஓரிடத்தில் பல் உடைந்திருக்கிறது. 45 மி.மீ. பிளேடின் சுற்றளவு சுமார் 141 மி.மீ. ஆகவே விட்டுப்போன இழைகளுக்கு நடுவே 14 செ.மீ. வந்தால் அதுதான் காரணம். பெரும்பாலும் குண்டூசிமேல் ஏற்றியதால் வருவது. அந்த இழைகளை அறுக்கத் திரும்பத் திரும்ப ஓட்டுவதைவிட பிளேடை மாற்றிவிடலாம்.

மாற்றும்போது துணி வேலையை ஓரங்கட்டிவிட்டு, அதை மட்டும் செய்வது நல்லது. திருகு, வாஷர், பிளேடு என்று கழற்றும் வரிசையிலேயே மேசையில் அடுக்கினால் மாட்டும்போது குழப்பமில்லை. புது பிளேடுகள் எண்ணெய்ப் பூச்சோடு ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வரும். இரண்டு சேர்ந்து வந்தால் விளிம்பில் நகத்தை விடாமல், தட்டையான பக்கங்களில் விரலை வைத்துப் பக்கவாட்டில் நகர்த்திப் பிரியுங்கள். பழைய பிளேடு பெட்டிக்குள் போய், பெட்டிக்கு டேப் சுற்றி, மேலே எழுதியபிறகே குப்பைக்குப் போகலாம். குப்பை எடுப்பவருக்கும் விரல்கள் இருக்கின்றன.

வெட்டுப்படாத கையுறையைப் பற்றி: அதை ஸ்கேல் கைக்கு மட்டும் போடுகிறேன், சீராக்கும்போது. ஐரோப்பியத் தரமான ஈஎன் 388 முத்திரையில் சுத்தியல் படத்துக்குக் கீழே நாலு எண்கள் இருக்கும். இரண்டாவது எண் பிளேடு வெட்டுக்கு. அந்தச் சோதனையே 45 மி.மீ. வட்டப் பிளேடைக் கையுறைத் துணிமேல் முன்னும் பின்னும் ஓட்டிச் செய்வதுதான், நம் கட்டரின் பிளேடு அளவு. ஆனால் அங்கே வைக்கும் விசை 5 நியூட்டன், அரைக் கிலோ எடைதான். என் எடைக்கருவியில் மழுங்கிய பிளேடு கேட்டது அதைவிட மிக அதிகம். ஆகவே கையுறை காயத்தைக் குறைக்கும், இல்லாமல் செய்யாது. அதைப் போட்டுக்கொண்டு டேப் கோட்டைத் தாண்டலாம் என்று எண்ண வேண்டாம். பின்னல் கையுறை ஊசிக்குத்தையும் தடுக்காது.

கட்டரைக் கீழே வைக்குமுன் மூடுவது எல்லாருக்கும் தெரிந்த விதி. கை அதைச் செய்கிறதா என்பதே கேள்வி. சீராக்கும்போது ஒவ்வொரு வெட்டுக்கும் கட்டரைக் கீழே வைத்து எடுக்க வேண்டியிருப்பதால், 320 தடவை ஞாபகத்தை நம்பவில்லை. பிடியை அழுத்தும்போது மட்டும் பிளேடு வெளிவரும் வகையை அதற்கு வைத்துக்கொண்டேன். கை சீக்கிரம் வலிக்கிறது, உண்மை. வலித்தால் அன்றைக்கு வெட்டு வேலை முடிந்தது, இஸ்திரி போடப் போய்விடுவேன். நீளப் பட்டைகளுக்குப் பூட்டு வைத்த சாதாரணக் கட்டர் போதும். கட்டர் மேசையிலிருந்து விழுந்தால் பிடிக்கப் போகாதீர்கள், காலை இழுத்துக்கொள்ளுங்கள். மூடிய செருப்பு போட்டுக்கொண்டு நிற்பது இதற்காகத்தான்.

தையலைப் பிரிக்கும் சீம் ரிப்பரைச் சாதுவான கருவி என்று நினைக்கிறார்கள். இரு முனையில் குட்டையான முனையில் இருக்கும் சிவப்புக் குமிழ் துணி கிழியாமல் காப்பதற்கு. நீளமான முனை கூர்மையாகத்தான் இருக்கிறது, அது துணியைப் பிடித்த கையை நோக்கியே நகர்கிறது. மூன்று நான்கு தையலுக்கு ஒன்றாக நூலை அறுத்துவிட்டு மறுபக்க நூலை உருவினால் பலமே தேவையில்லை.

மேசைக்குப் பக்கத்தில் சுத்தமான கட்டுத்துணியும் பிளாஸ்திரியும் வைத்திருக்கிறேன். வெட்டுப்பட்டால் துணியால் அழுத்திப் பிடித்துக் கையை மேலே தூக்கி, பத்து நிமிடம் எடுத்து எடுத்துப் பார்க்காமல் அழுத்த வேண்டும். அதற்கும் ரத்தம் நிற்காவிட்டாலோ, விரல் மரத்துப்போனாலோ, மடக்க முடியாவிட்டாலோ மருத்துவரிடம் போக வேண்டியதுதான். டெட்டனஸ் ஊசி கடைசியாக எப்போது போட்டது என்பதைக் கேட்பார்கள், தெரிந்துவைத்திருங்கள். ஊசி குத்திய சொட்டு ரத்தம் துணியில் பட்டால் உடனே குளிர்ந்த நீர். வெந்நீர் கறையை நிலைக்க வைத்துவிடும். அவரவர் ரத்தத்துக்கு அவரவர் எச்சில் என்று குவில்ட் தைப்பவர்கள் சொல்வார்கள். சின்னப் புள்ளிக்கு வேலை செய்தது.

இப்போது 80 கட்டமும் சீவி முடிந்து, மேல்துணி இணைந்துவிட்டது. அடுத்தது பஞ்சு விரிப்பும் அடித்துணியும் சேர்த்துத் தைத்தபின் ஓரத்தை நேராக்குவது. மூன்று அடுக்கும் சேர்ந்து மெத்தென்று இருப்பதால் ஸ்கேல் அதன்மேல் மிதக்கும், சறுக்கவும் செய்யும். அதற்கு 60 மி.மீ. புது பிளேடு எடுத்துவைத்திருக்கிறேன். குவில்ட்டின் பாரம் மேசையிலிருந்து தொங்கித் துணியை இழுக்காமல் இருக்கப் பக்கத்தில் நாற்காலிகளை இழுத்துப் போட வேண்டும். இரண்டரை அங்குல விளிம்புப் பட்டைகளை அதற்கு முன்பே, கை களைக்காத காலை வேளையில் வெட்டிவைத்துவிடுவதாகத் திட்டம்.