அறுபதுக்குப் பிறகும் புல்லட்

இந்த வயதிலும் புல்லட்டா என்று கேட்பவர்கள் பெரும்பாலும் வேகத்தை நினைத்தே பயப்படுகிறார்கள். ஆனால் ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் நேர்சாலையில் ஓடும் வண்டி தன் சமநிலையைப் பெரும்பாலும் தானே பார்த்துக்கொள்கிறது. ஓட்டுபவரின் வயது தெரிவது வண்டி நிற்கும்போதுதான். ஏறத்தாழ 195 கிலோ எடையைச் சரிவான இடத்தில் பின்னோக்கித் தள்ளும்போதும், சிக்னலில் ஊன்றிய கால் மணலில் சறுக்கும்போதும், குறுகலான தெருவில் வண்டியைத் திருப்பும்போதும் முழங்காலும் இடுப்பும் கணக்குக் கேட்கின்றன.

சென்டர் ஸ்டாண்ட் போடுவதைக் கைபலமாக நினைத்து முதுகைப் பிடித்துக்கொண்டவர்கள் பலர். ஸ்டாண்டின் இரண்டு கால்களும் ஒரே சமயத்தில் தரையைத் தொடுவதைப் பாதத்தால் உணர்ந்த பிறகு, முதுகை நிமிர்த்தி, உடம்பின் எடை முழுவதையும் வலது காலில் இறக்கினால் வண்டி தானாகப் பின்னேறும். கைகள் பிடித்துக்கொண்டிருந்தால் போதும். அதற்கான தொடைப் பலத்துக்கு, நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்காரும் பயிற்சியும், பல் துலக்கும்போது சுவரோரமாக ஒற்றைக்காலில் நிற்பதும் உதவுகின்றன. மூட்டுத் தேய்மானம் உள்ளவர்கள் கிக்கரை உதைப்பதை விட்டுவிட்டு, செல்ஃப் ஸ்டார்ட்டுக்காகப் பேட்டரியை நல்ல நிலையில் வைத்துக்கொள்வதே மருத்துவச் செலவைவிட மலிவு.

கண் வேறு விஷயம். அறுபது வயதில் விழித்திரைக்கு எட்டும் ஒளி, இருபது வயதில் எட்டியதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். புரை தொடங்கியிருந்தால் எதிரே வரும் எல்.இ.டி. விளக்கு கண்ணில் சிதறி, ஓரமாக நடப்பவரை மறைத்துவிடும். ஆகவே விளக்கு வைப்பதற்குள் வீடு திரும்பிவிடுவதை வழக்கமாக்கிக்கொண்டேன். ஹெல்மெட்டின் கீறல் விழுந்த வைசரை (முகக் கண்ணாடியை) மாற்றாமல் கண்ணாடியின் பவரைக் குறை சொல்வதில் அர்த்தமில்லை.

சர்க்கரைக்காக இன்சுலினோ கிளிமெபிரைடு போன்ற மாத்திரையோ எடுத்துக்கொள்பவர்கள் மதியச் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டு ஓட்டுவதுதான் எனக்கு மிகவும் கவலை தருவது. சர்க்கரை தாழும்போது வரும் வியர்வையையும் கைநடுக்கத்தையும், ஹெல்மெட்டுக்குள் இருப்பவர் சித்திரை வெயிலின் வேலை என்று எளிதில் நினைத்துவிடுவார். வண்டியை நிறுத்தி 15 கிராம் குளுக்கோஸ் சாப்பிட்டு, 15 நிமிடம் கழித்து மறுபடி சோதித்து, தலை முழுவதும் தெளிந்த பின்னரே கிளம்ப வேண்டும். பல ஆண்டு சர்க்கரையால் பாதம் மரத்துப்போனவருக்குப் பின் பிரேக்கை எவ்வளவு மிதிக்கிறோம் என்பது சரியாகத் தெரியாது. சைலன்சர் சுட்டதுகூடச் செருப்பைக் கழற்றும்போதுதான் தெரியவரும். அவர்களுக்குக் கணுக்காலை மூடும் ஷூ கட்டாயம். சளிக்குப் போடும் மாத்திரைகள் பலவும் தூக்கம் தருபவை. போட்ட அன்று பேருந்தில் போகலாம்.

நீர் பிரிய மாத்திரை எடுப்பவர்கள், வழியில் இறங்க வேண்டுமே என்று தண்ணீரைக் குறைப்பதும் கேடு. முக்கால் மணிக்கு ஒருமுறை நிறுத்தினால் அந்தப் பிரச்சினையும் முதுகு வலியும் சேர்ந்தே தீரும்.

ஸ்கூட்டருக்கு மாறச் சொல்பவர்களின் வாதத்தில் எடை குறைவு என்பது உண்மைதான். ஆனால் பல ஸ்கூட்டர்களின் பத்து அங்குலப் பின்சக்கரம் எங்கள் ஊர்ப் பள்ளங்களில் இறங்கும்போது முதுகெலும்பு வாங்கும் அடியை, பெரிய சக்கரமுள்ள புல்லட் பெருமளவு தாங்கிக்கொள்கிறது. கடைத்தெருவுக்கு ஸ்கூட்டரும் நெடுஞ்சாலைக்குப் புல்லட்டுமாக இப்போதைக்குப் பிரித்து வைத்திருக்கிறேன்.